ராணுவச் செலவு ஊரை வளர்க்குமா? பெங்களூர் கண்ட கணக்கு

பிப்ரவரி முதல் தேதி பட்ஜெட் வந்ததும் நம்மில் பெரும்பாலோர் தேடுவது இரண்டு மூன்று செய்திகளைத்தான். வருமான வரி விலக்கு எவ்வளவு? சேமிப்புக்கு வட்டி கூடுமா, குறையுமா? எந்தப் பொருள் விலை ஏறும்? "பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கீடு" என்ற வரி கண்ணில் பட்டாலும், அது எல்லையில் நிற்கும் ஜவானுக்கும் டில்லியில் இருக்கும் மந்திரிக்கும் உரிய சங்கதி என்று தாண்டிப் போய்விடுகிறோம்.

ஆனால் பெங்களூரில் பிழைக்க வந்த தமிழனுக்கு அதைவிட நெருக்கமான வரி பட்ஜெட்டில் வேறு கிடையாது. அல்சூரும் சிவாஜி நகரும் விமானபுரமும் ஜாலஹள்ளியும் அந்தப் பணத்தில் எழுந்த இடங்கள். நம் பாட்டன்மார் பட்டாளத்தின் பின்னால் வந்தார்கள். தகப்பன்மார் விமானத் தொழிற்சாலையின் சங்கொலிக்கு எழுந்தார்கள். அந்தப் பணம் ஊருக்கு உண்மையிலேயே வளர்ச்சி கொடுத்ததா, எந்த வழியில் கொடுத்தது, இனியும் கொடுக்குமா என்று கணக்குப் பார்க்க நம்மைவிட உரிமை உள்ளவர்கள் யார்?

பட்டாளத்தின் பின்னால் வந்த கடைத்தெரு

1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு ஆங்கிலேயர் அங்கே படையை நிறுத்திப் பார்த்தார்கள். காய்ச்சல் படுத்தியது. நல்ல தட்பவெப்பம் தேடி 1809ல் பெங்களூரில் கண்டோன்மென்டை அமைத்தார்கள். கன்னடத்தில் "தண்டு" என்று சொல்வது அதைத்தான். தமிழிலும் படை இறங்கிய இடத்துக்குத் தண்டு என்ற பழைய பெயர் உண்டு. அந்தப் படை சென்னை ராணுவத்தைச் சேர்ந்தது. ஆகவே அதோடு வந்தவர்களும் சென்னை மாகாணத்துக்காரர்கள், குறிப்பாக வட ஆற்காட்டுப் பக்கத்தவர்கள்.

ஒரு பட்டாளம் ஓரிடத்தில் தங்கினால் ரொட்டி வேண்டும், இறைச்சி வேண்டும், குதிரைக்குப் புல் வேண்டும். சட்டை தைக்கத் தையற்காரர், வெளுக்க வண்ணார், கட்டடம் கட்டக் கொத்தனார், கணக்கு எழுத குமாஸ்தா எல்லாரும் வேண்டும். இந்தத் தேவைகளைக் காண்டிராக்ட் எடுத்துப் பெரிய தனவந்தர்களானவர்கள் நம்மவர்களில் உண்டு. 1868ல் கட்டி முடிக்கப்பட்டு இன்று ஹைக்கோர்ட் நடக்கும் அட்டார கச்சேரியைக் கட்டியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் பெயரில் உள்ள கல்வி நிலையங்களில் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டாளச் சம்பளத்தால் வருவது கடைத்தெரு வளர்ச்சி. சம்பள நாளில் நிரம்பும். ரெஜிமென்ட் வேறு ஊருக்கு மாறினால் ஓயும். மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து தச்சும் கொல்லும் கற்றுக்கொண்டவர்களைத் தவிர்த்தால், நூற்றுமுப்பது ஆண்டுகள் கண்டோன்மென்டில் இறங்கிய பணம் புதிய தொழில் எதையும் ஊருக்குப் பெரிதாகக் கற்றுக் கொடுக்கவில்லை. வெள்ளைக்காரன் செலவு செய்தான், நாம் பரிமாறினோம். அவ்வளவுதான்.

எழுநூறு ஏக்கர்

அந்த நிலை மாறியது 1940ல். கப்பல் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் விமானத் தொழிற்சாலை ஒன்று தொடங்க இடம் தேடினார். மைசூர் சமஸ்தானம் 700 ஏக்கர் நிலமும் 25 லட்ச ரூபாய் பங்குப் பணமும் கொடுக்க முன்வந்தது. திவான் சர் மிர்சா இஸ்மாயில் அதற்குத் துணை நின்றார். சிவசமுத்திரத்து மின்சாரம் இருந்தது, பத்ராவதியில் இரும்பாலை இருந்தது, 1909ல் தொடங்கிய இந்திய விஞ்ஞானக் கழகம் இருந்தது. கடற்கரையிலிருந்து எட்ட இருந்ததால் எதிரி குண்டுக்கும் பயமில்லை. 1940 டிசம்பர் 23ல் ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் பதிவாயிற்று. யுத்தம் நெருங்கவே 1942ல் நிர்வாகத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1943 முதல் அமெரிக்க விமானப் படையின் விமானங்களைப் பழுது பார்க்கும் பெரிய பட்டறையாக அது நடந்தது. அந்த ஆலையை ஒட்டித்தான் விஞ்ஞானக் கழகத்தில் 1942 டிசம்பரில் விமானப் பொறியியல் துறையும் தொடங்கியது.

யுத்தம் முடிந்தது. வேலை முடிந்தது. வேறு ஊராக இருந்தால் ஆலைக்குப் பூட்டுப் போட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். பெங்களூரில் என்ன செய்தார்கள்? விமானத்துக்குத் தகடு வளைத்த கைகளைக் கொண்டு ரயில் பெட்டியும் பஸ் பாடியும் செய்தார்கள். இந்த ஒரு முடிவுதான் பெங்களூரின் கதையில் முக்கியமானது என்பது நம் எண்ணம். யுத்தத்துக்காகக் கற்ற தொழில் சமாதானத்தில் சோறு போட்டது. அந்த ரயில் பெட்டிப் பகுதி பிற்பாடு 1964ல் தொடங்கிய பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்துக்குப் போயிற்று. 2011ல் பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடுக்கு முதல் மெட்ரோ ரயில் ஓடியபோது, அதன் பெட்டிகளைச் செய்து கொடுத்ததில் அந்த நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. காலையில் மெட்ரோவில் நெருக்கிக்கொண்டு போகும் குமாஸ்தாவுக்கு, தான் பிடித்து நிற்கும் கம்பிக்கு உலக யுத்தத்தோடு உறவு இருப்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

1954ல் ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வந்தது. ராணுவத்துக்கு வயர்லெஸும் ராடாரும் செய்யத்தான் வந்தது. ஆனால் 1960களில் வீட்டு ரேடியோவுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரையும் செய்தது. இன்று தேர்தலில் நாம் பொத்தானை அழுத்தும் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தயாரிக்கும் இரண்டு நிறுவனங்களில் அது ஒன்று. எச்.ஏ.எல். ஓடுபாதையோ 2008 மே மாதம் வரை ஊருக்கே விமான நிலையமாக இருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகளின் துரைமார்கள் முதன்முதலில் வந்து இறங்கியது அங்கேதான்.

ஒரு சம்பளம் எத்தனை கை மாறும்?

பொருளாதாரக்காரர்கள் இதைப் பெருக்கம் என்பார்கள். புரியும்படி சொன்னால் இப்படி: ஆலையில் ஒரு பிட்டருக்குச் சம்பளம் வருகிறது. அதில் ஒரு பகுதி மளிகைக் கடைக்கு, ஒரு பகுதி வீட்டுக்காரருக்கு, ஒரு பகுதி சீட்டுக்கு, ஒரு பகுதி ஊருக்கு மணியார்டராக. மளிகைக்காரர் அந்தப் பணத்தில் பையனைப் படிக்க வைக்கிறார். வீட்டுக்காரர் மாடி எழுப்புகிறார்; கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கிடைக்கிறது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் திருப்பத்தூரிலும் கிணறு ஆழமாகிறது. ஆலையின் கணக்குப் புத்தகத்தில் இவர்கள் யாருடைய பெயரும் இல்லை.

இதில் சம்பளத்தைக் காட்டிலும் பெரிய பங்கு, வெளியே கொடுக்கும் வேலைக்கு உண்டு. ஒரு விமானத்துக்கு ஆயிரக்கணக்கான சிறு உறுப்புகள் வேண்டும். எல்லாவற்றையும் ஆலைக்குள்ளேயே செய்ய முடியாது. பீன்யாவிலும் மற்றத் தொழிற்பேட்டைகளிலும் ஒரு ஷெட், இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின் வைத்துக்கொண்டு தொடங்கிய பட்டறைகள் இந்த வேலையில் துல்லியம் கற்றன. துல்லியம் கற்ற பட்டறை நாளைக்கு மோட்டார் கம்பெனிக்கும் உறுப்பு செய்யலாம், ஆஸ்பத்திரிக் கருவிக்கும் செய்யலாம். பட்டாளத்துக்கு ரொட்டி விற்ற கடைக்கும் இந்தப் பட்டறைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ரொட்டிக் கடை பட்டாளத்தோடு போய்விடும். பட்டறை ஊரோடு நிற்கும்.

இந்தச் சம்பளத்தின் பலம் என்ன என்பது, அது நின்றபோதுதான் ஊருக்கே தெரிந்தது. 1980 டிசம்பர் கடைசியிலிருந்து 1981 மார்ச் வரை, எச்.ஏ.எல்., பாரத் எலெக்ட்ரானிக்ஸ், பாரத் எர்த் மூவர்ஸ், எச்.எம்.டி., டெலிபோன் தொழிற்சாலை ஆகிய ஐந்து பொதுத் துறை நிறுவனங்களின் தொழிலாளர்கள் 77 நாட்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். பாரத் ஹெவி எலெக்ட்ரிகல்ஸ் தொழிலாளர்களுக்கு உள்ள சம்பளத்துக்கு நிகராக வேண்டும் என்பது கோரிக்கை. கேட்டபடி கிடைக்காமலே முடிந்தது. இரண்டரை மாதம் சம்பளம் இல்லாத வீடுகளுக்கு அரிசி எப்படி வந்தது, சீட்டுத் தவணை எப்படிக் கட்டினார்கள் என்பதை அந்தக் காலத்தில் கடை வைத்திருந்த பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கான்பூர் ஏன் இப்படி ஆகவில்லை?

இதைக் கேட்டதும், "அப்படியானால் ராணுவச் செலவு போன இடமெல்லாம் பொன் விளைய வேண்டுமே?" என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலுக்குக் கான்பூரைப் பார்க்க வேண்டும்.

கான்பூரும் பட்டாளத்தால் பிறந்த ஊர். அங்கே 1860களிலேயே குதிரைச் சேணம் செய்யும் சர்க்கார் தொழிற்சாலை வந்தது. அதை ஒட்டித் தோல் தொழில் பெருகியது. 1876ல் வந்த "லால் இம்லி" கம்பளி ஆலை படைக்குப் போர்வை நெய்தது. எல்ஜின் மில், மூர் மில் என்று ஆலைகள் நிறைந்து, வட நாட்டின் மான்செஸ்டர் என்று பேர் வாங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு விமானத் தொழிற்சாலையும் வந்தது. ஆவ்ரோ விமானம் அங்கேதான் செய்யப்பட்டது. ஆயினும் அந்த மில்கள் நொடித்துப் பூட்டிக் கிடக்கின்றன. கான்பூர்ப் பிள்ளைகள் வேலை தேடி பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார்கள்.

என்ன வேறுபாடு? போர்வையும் சேணமும் கேட்ட ராணுவம், அதைச் செய்பவனுக்குப் புதிதாக ஒன்றும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. விமானமும் ராடாரும் கேட்ட ராணுவம், பள்ளி வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆராய்ச்சிக்கூடங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெங்களூர் பக்கமே சாய்ந்தன. தேசிய விமான ஆராய்ச்சிக்கூடம் 1959ல் டில்லியில் தொடங்கி மறு ஆண்டே இங்கு வந்தது. ஜெட் இன்ஜின் ஆராய்ச்சி நிலையம் 1959ல் அதே கான்பூரில் தொடங்கி, 1961ல் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. கான்பூருக்கு வலித்திருக்கும். ஒரு ஊர் முந்திக்கொண்டால் அடுத்து வருவதும் அங்கேயே வந்து சேர்கிறது. பின்தங்கிய ஊர் மேலும் பின்தங்குகிறது. ராணுவச் செலவு நாட்டைச் சமமாக வளர்க்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

அந்த ஐந்து நிறுவனங்களிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. எச்.எம்.டி. 1961ல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. கல்யாண மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. வாட்ச் என்பது ஒரு காலத்தில் வழக்கம். நமது ஓசூரில் டைட்டன் வந்ததும் அது தடுமாறியது. 2016ல் அதன் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவு செய்தது. தொலைபேசித் துறை தனியாருக்குத் திறக்கப்பட்டதும் டெலிபோன் தொழிற்சாலை நலிந்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருந்த மற்ற மூன்றும் நிற்கின்றன. திறமையில் எச்.எம்.டி.காரன் குறைந்தவன் அல்ல. மற்றவர்களுக்கு, வேறு கடைக்குப் போக முடியாத ஒரே வாடிக்கைக்காரர் இருந்தார், இவனுக்கு இல்லை. நிழல் சுகம்தான். ஆனால் அந்த நிழலில் தாமதமும் செலவும்கூடச் சுகமாக வளரும் என்பதை விமானப் படைத் தளபதிகளே பலமுறை குறைப்பட்டிருக்கிறார்கள்.

ஆறே முக்கால் லட்சம் கோடி எங்கே போகிறது?

2025–26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கியது ரூ. 6,81,210 கோடி. மத்திய அரசின் மொத்தச் செலவில் 13 சதவீதத்துக்குச் சற்று அதிகம். இதில் ஓய்வூதியம் மட்டும் ஏறத்தாழ 1.61 லட்சம் கோடி. புதிய விமானம், கப்பல், பீரங்கி வாங்குவது உள்ளிட்ட மூலதனச் செலவுக்கு 1.80 லட்சம் கோடி. மீதத்தில் மிகப் பெரும்பகுதி சம்பளமும் அன்றாடச் செலவும்.

ஓய்வூதியப் பணமும் ஒரு பிரதேசத்தைத் தாங்கும். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவர் படையில் இருந்த ஊர். உத்தரகண்ட் மலைக் கிராமங்களிலும் இதே கதைதான். அந்தப் பணம் வீட்டைக் கட்டும், பிள்ளையைப் படிக்க வைக்கும். ஆனால் படித்த பிள்ளைக்கு அதே ஊரில் வேலை உண்டாக்காது. அவன் பஸ் ஏறி எங்கே வருகிறான் என்பது நமக்குத் தெரிந்ததே.

ஆக, தொழில் வளர்ச்சிக்கு வழி கொடுப்பது அந்த 1.80 லட்சம் கோடிதான். அதிலும் ஓட்டை இருக்கிறது. தேஜஸ் விமானம் 2001 ஜனவரி 4ல் பெங்களூர் வானில் முதன்முதலாகப் பறந்தது. நம் ஊர்ப் பெருமைதான். ஆனால் அதன் இன்ஜின் அமெரிக்க இன்ஜின். நாமே செய்வதாக இருந்த காவேரி இன்ஜின் இந்த விமானத்துக்கு எட்டவில்லை. 2021ல் 99 இன்ஜின்களுக்கு ரூ. 5,375 கோடிக்கு அமெரிக்கக் கம்பெனியிடம் ஆர்டர் கொடுத்தார்கள். முதல் இன்ஜின் வந்து சேர்ந்தது 2025 மார்ச் மாதத்தில். நம் கையில் விமானத்தின் உடம்பு தயாராக இருந்தும் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த 5,375 கோடியில் அல்சூர் மளிகைக் கடைக்கு வருவது ஒன்றுமில்லை.

அடுத்து, இந்தப் பணத்தை வேறு எதற்கும் செலவிட்டிருக்கலாமே என்ற கேள்வி. 1962 சீனப் போருக்குப் பிறகு பாதுகாப்புச் செலவு ஒரேயடியாக உயர்ந்தது. எச்.ஏ.எல். இன்றைய உருவம் பெற்றதும் பாரத் எர்த் மூவர்ஸ் பிறந்ததும் 1964ல். பெங்களூருக்கு அது யோகம். ஆனால் அடுத்து வந்தது பாகிஸ்தான் போர், வறட்சி, பணமதிப்புக் குறைப்பு. 1966 முதல் மூன்று ஆண்டுகள் ஐந்தாண்டுத் திட்டமே இல்லாமல் நாடு நடந்தது. அணைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் காத்திருந்த மாவட்டங்கள் மேலும் காத்திருந்தன.

எமில் பெனுவா என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 44 ஏழை நாடுகளை ஆராய்ந்து, ராணுவத்துக்கு அதிகம் செலவிட்ட நாடுகளே வேகமாக வளர்ந்தன என்று 1973ல் எழுதினார். ராணுவ அமைச்சகங்களுக்கு அது தேன் போல இருந்திருக்கும். பின்னால் வந்தவர்கள் அதை ஒப்பவில்லை. 1983ல் டெகர், ஸ்மித் என்ற இருவர், ராணுவச் செலவு சேமிப்பையும் முதலீட்டையும் அரித்து, முடிவில் வளர்ச்சியைக் குறைக்கிறது என்று கணக்குக் காட்டினார்கள். வெளிநாட்டு உதவி தாராளமாகக் கிடைத்த நாடு வளரவும் செய்யும், துப்பாக்கியும் வாங்கும். துப்பாக்கி வாங்கியதால் வளர்ந்தது என்று எப்படிச் சொல்வது? நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும், அதற்குச் செலவும் வேண்டும். அதை வேலை வாய்ப்புத் திட்டம் என்று பேர் மாற்றிச் சொல்வதுதான் ஏற்பதற்கில்லை.

இனி யாருக்கு?

செலவு நடக்கத்தான் போகிறது. 2023 பிப்ரவரியில் தும்கூர் மாவட்டம் குப்பி தாலுகாவில் 615 ஏக்கரில் ஹெலிகாப்டர் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2025 மார்ச்சில் 156 போர் ஹெலிகாப்டர்களுக்கு ரூ. 62,700 கோடிக்கு எச்.ஏ.எல்.லுக்கு ஆர்டர் கிடைத்தது. வேலை பெங்களூரிலும் தும்கூரிலும் நடக்கும். தமிழ்நாட்டில் ஆவடியில் 118 அர்ஜுன் டாங்கிகளுக்கு 2021ல் ரூ. 7,523 கோடி ஆர்டர். 2018ல் அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, சேலம், கோவை, திருச்சியோடு ஓசூரும் இருக்கிறது.

கோலார் தங்கவயல் தமிழர்களுக்கு இதில் ஒரு தனி வருத்தம் உண்டு. 2001ல் சுரங்கம் மூடியபோது, அதே ஊரில் பாரத் எர்த் மூவர்ஸ் ஆலை சங்கு ஊதிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சுரங்கத்தில் வெளியே நின்றவர்களை ஆலை உள்ளே அழைத்துக்கொள்ளவில்லை. இன்றும் அவர்கள் பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து இரவு திரும்புகிறார்கள். ஆலை இருக்கும் ஊரிலேயே வேலை இல்லை.

ஆலைக்குள்ளும் காலம் மாறிவிட்டது. தகப்பனுக்குக் கிடைத்தது நிரந்தர வேலை: பஞ்சப்படி, குவார்ட்டர்ஸ், கேன்டீன், ஆஸ்பத்திரி, பென்ஷன் எல்லாம் சேர்ந்தது. மகனுக்குக் கிடைப்பது காண்டிராக்டர் கொடுக்கும் அடையாளச் சீட்டு. ஒரே ஷெட்டில், ஒரே மெஷினில், ஒருவருக்கு ஒரு சம்பளமும் அருகில் நிற்பவருக்கு வேறு சம்பளமும். காண்டிராக்ட் தொழிலாளி வீடு கட்டக் கடன் கேட்டால் பாங்கியில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். கோடிக்கணக்கில் ஆர்டர் என்று தலைப்புச் செய்தி வரும்போது, அதில் எத்தனை நிரந்தர வேலை, எத்தனை அப்ரென்டிஸ் இடம் என்று கேட்கும் எம்.பி. ஒருவராவது இருந்தால் நலம்.

பட்டறைக்காரர்களின் சங்கடம் வேறு. பெரிய நிறுவனத்துக்குச் சரக்கு கொடுத்தால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. லேத் வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள், அந்த நாள் எப்படி நீளும் என்று. சரக்கு போய்ச் சேர வேண்டும், பரிசோதனை முடிய வேண்டும், பிறகு பில் பாஸாக வேண்டும். அதுவரை பாங்கி வட்டி நிற்காது, தொழிலாளிக்குச் சனிக்கிழமை கூலியும் நிற்காது. நகையை அடகு வைத்து இரும்பு வாங்குபவர் எத்தனை மாதம் தாங்குவார்? ஓசூரில் புதிய ஷெட் போடலாமா என்று யோசிக்கும் நம் இளைஞர்கள், ஆர்டர் எவ்வளவு என்பதோடு, போன ஆண்டுச் சரக்குக்குப் பணம் எத்தனையாவது நாளில் வந்தது என்பதையும் ஏற்கெனவே அந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் விசாரித்துக்கொண்டு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.